எத்திடியம் புரோமைடு இல்லாமல் டி.என்.ஏ. பட்டைகளைப் பார்க்க: எந்தச் சாயம் யாருக்கு?

சுங்கை சிப்பூட், பீடோர், கூலிம் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் ஆறாம் படிவ உயிரியல் ஆசிரியர். டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் ஜெல்லுக்குள் ஓட்டி நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிப்பது எலக்ட்ரோஃபோரசிஸ். படத்தில் மட்டும் பார்த்த அதை மாணவர்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர். இன்னொருவர் செம்பனை நாற்றுப் பண்ணையை ஒட்டி ஒரு சின்ன ஆய்வுக்கூடம் போட நினைப்பவர். செம்பனைக் கொட்டையின் ஓட்டுத் தடிப்பை முடிவு செய்யும் 'ஷெல்' மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 2013-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அதன் பிறகு, கன்று தடித்த ஓட்டு டூராவா, மெல்லிய ஓட்டுத் தெனராவா என்று தெரிந்துகொள்ளக் காய் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் இலைத்துண்டும், டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரமும் போதும்.

ஜெல்லில் டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் வழக்கமான சாயம் எத்திடியம் புரோமைடு. இருவரும் அது வேண்டாம் என்கிறார்கள், செலவும் குறைய வேண்டும் என்கிறார்கள். ஆனால் இருவருக்கும் ஒரே சாயத்தைச் சொல்ல முடியாது. பாட்டிலில் ஒட்டிய விலையைப் பார்த்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

## முதலில் அளவுகோல்கள்

ஆக மங்கலான பட்டையில் எத்தனை நானோகிராம்? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டிய கணக்கு இது. ஓர் எடுத்துக்காட்டு. 25 மைக்ரோலிட்டர் பி.சி.ஆரில் 500 நானோகிராம் வருகிறது, அதில் 10 மைக்ரோலிட்டரைக் குழியில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 நானோகிராம். பெருக்கிய துண்டின் நீளம் 400 பேஸ் இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு). மரபணுவின் ஒரு வகையை மட்டும் ஒரு வெட்டு நொதி 300, 100 என்று இரண்டாக வெட்டும். கன்று இரண்டு வகை மரபணுவையும் சுமந்திருந்தால் பாதி வெட்டுப்படாமல் 100 நானோகிராமாக நிற்கும். மீதிப் பாதி 75, 25 என்று பிரியும். துண்டு சின்னதாக ஆக, அதன் எடையும் அதே விகிதத்தில் குறையும்.

இனி பி.சி.ஆர். கொஞ்சம் சோம்பி, 200-க்குப் பதில் 80 நானோகிராம்தான் ஏறியது என்று பாருங்கள். இப்போது பட்டைகள் 40, 30, 10. உங்கள் சாயம் 40-க்குக் கீழே காட்டாது என்றால் வெட்டுப்படாத பட்டை ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும். இரு வகை மரபணு உள்ள கன்று, ஒரே வகை உள்ளது போல நிற்கும். ஜெல் சுத்தமாக இருக்கும், படமும் அழகாக இருக்கும், முடிவு மட்டும் பொய். செம்பனை மண்ணில் ஊன்றினால் ஏறக்குறைய 25 ஆண்டு நிற்கும் மரம். இந்தத் தவற்றைப் பிறகு திருத்த வழியில்லை.

எந்த ஒளி? சாயத்தின் விலையைவிட, அதைப் பார்க்கத் தேவைப்படும் விளக்கின் விலைதான் பெரும்பாலும் அதிகம். புற ஊதாப் பெட்டி, நீல எல்.இ.டி., சாதாரண வெள்ளை விளக்கு என்று மூன்று வகை.

கழிவு நீர் எங்கே போகும்? கடைவீட்டு மாடியில் இருக்கும் கூடத்தின் தண்ணீர் லோங்காங்கில் (சாக்கடையில்) விழும், லோங்காங் ஆற்றில் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்துக் கழிவு செப்டிக் தொட்டிக்குப் போனால், அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள்மேல் சாயம் விழும்.

வெயிலும் தபாலும். மதியம் 32, 33 பாகை சூடேறும் அறையில் எது தாங்கும்? மாநகரத்திலிருந்து வரும் பொட்டலம் இரண்டு நாள் வேனில் வெந்தால் என்ன ஆகும்?

நேரம். பள்ளிக்கூடத்தில் பெல் அடித்துவிடும். பண்ணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஜெல் முடிக்க வேண்டியிருக்கும்.

டி.என்.ஏ. பிறகு வேண்டுமா? பட்டையை வெட்டி எடுத்து குளோனிங் செய்வதானால் புற ஊதா ஒளி அதைச் சிதைக்கும். பார்த்துவிட்டு வீசுவதானால் இது ஒரு பொருட்டல்ல.

| சாயம் | ஏறக்குறைய எவ்வளவு இருந்தால் தெரியும் | விளக்கு | ஜெல் ஓடியபின் ஆகும் நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எத்திடியம் புரோமைடு | 1–5 நானோகிராம் | புற ஊதா | இல்லை, அல்லது 30 நிமிடம் | கழிவு, யு.வி. பெட்டி, முகக் கவசம் |
| மெத்திலீன் நீலம் | 40 நானோகிராம் அளவில் | வெள்ளை விளக்கு | 2 மணி முதல் ஓர் இரவு | கூடுதல் பி.சி.ஆர்., நேரம் |
| கிரிஸ்டல் வயலெட் | 20–50 நானோகிராம் | வெள்ளை விளக்கு | இல்லை | நச்சுக் கழிவு, கறை |
| சைபர் சேஃப், ஜெல்கிரீன் | சில நானோகிராம் | நீல எல்.இ.டி. | இல்லை, அல்லது 30 நிமிடம் | வடிகட்டித் தகடு, சைபர் சேஃபுக்குக் குளிர்பெட்டி |
| ஜெல்ரெட் | சில நானோகிராம் | புற ஊதா | இல்லை, அல்லது 30 நிமிடம் | யு.வி. பெட்டி |

## எத்திடியம் புரோமைடு: எதை விட்டு விலகுகிறோம்

இதன் மேல் உள்ள பயத்தில் கொஞ்சம் மிகையும் உண்டு, கொஞ்சம் நியாயமும் உண்டு. ஹோமிடியம் என்ற பெயரில் மாடுகளின் டிரிப்பனோசோமா நோய்க்கு ஊசியாகப் போடப்பட்ட மருந்து இதே பொருள்தான். அதே சமயம், கல்லீரல் நொதியோடு சேர்த்து ஏம்ஸ் சோதனையில் வைத்தால் மரபுப் பிறழ்வைத் தெளிவாக உண்டாக்குகிறது. ஜெல்லில் இருக்கும் மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற நீர்த்த அளவைவிட, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அடர்த்தியில் அலமாரியில் இருக்கும் சின்னப் பாட்டில்தான் உண்மையான கவலை. அது ஒரு முறை கவிழ்ந்தால், இருபதாயிரம் மடங்கு அடர்த்தியானது மேசையில் ஓடும்.

வாங்கும்போது இதைவிட மலிவான ஒளிரும் சாயம் கிடையாது. செலவெல்லாம் பின்னால் வருகிறது. ஜெல், கையுறை, பிப்பெட் முனை, பஃபர் (ஜெல் மூழ்கி ஓடும் உப்புக் கரைசல்) எல்லாவற்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். மலேசியப் பல்கலைக்கழகங்கள் இதை அட்டவணைக் கழிவாக, அதாவது விதிமுறையில் பட்டியலிட்ட அபாயக் கழிவாக, கையாளுகின்றன. 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைக் கழிவை 180 நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாதம் பத்து ஜெல் ஓட்டும் ஒரு சிறு கூடத்துக்கு அந்த லோரி வந்து போகும் கட்டணமே சாயத்தின் விலையை விழுங்கிவிடும்.

ஒரு தவறான பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றினால் சிவப்பு மறைந்துவிடும், ஆகவே பாதுகாப்பு என்று நினைத்து லோங்காங்கில் விடுகிறவர்கள் உண்டு. நிறம் போவது நச்சு போனதற்கு அடையாளம் அல்ல. பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட்டோடு சேரும்போது பிறழ்வை உண்டாக்கும் வேறு பொருள்கள் பிறக்கலாம். ஏற்கெனவே கையில் நீர்த்த கரைசல் இருந்தால், 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செயலூட்டிய கரித்தூள் போட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வடிகட்டித் தாளில் வடிக்க வேண்டும். கரியையும் தாளையும் கழிவுப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

முன்பே யு.வி. பெட்டியும் கழிவு ஒப்பந்தமும் உள்ள பெரிய கூடத்தில் இது தொடரலாம். புதிதாக ஒரு சிற்றூர்க் கூடம் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் இல்லை.

## மெத்திலீன் நீலம்: பள்ளிக்கூடத்துக்கு முதல் தேர்வு

தூளாக 25 கிராம் வாங்கினால் 0.025% கரைசல் 100 லிட்டர் வரும். ஒரு ஜெல்லுக்கு 200 மில்லிலிட்டர், அதையும் நாலைந்து முறை திரும்பப் பயன்படுத்தலாம். ஆக, சாயச் செலவு என்பது ஒரு ஜெல்லுக்குச் சில சென்கூட வராது.

அலங்கார மீன் கடையில் பூஞ்சை நோய்க்கு விற்கும் நீல மருந்தும் இதுதான். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். லேபிளில் அடர்த்தி சதவீதம் எழுதியிருக்க வேண்டும். மலக்கைட் கிரீன் கலந்திருக்கக் கூடாது. மீன் மருந்துகளில் இரண்டையும் கலந்து விற்பது சாதாரணம், அந்தப் பச்சைச் சாயம் நச்சு கூடியது. 1% கரைசலாக இருந்தால் 25 மில்லிலிட்டரை ஒரு லிட்டராக்கினால் 0.025% ஆகிவிடும்.

விரைவு வழி:

1. 1 முதல் 1.5% அகரோஸ் ஜெல், 4–5 மில்லிமீட்டர் தடிப்பு. இதற்குமேல் தடித்தால் உள்ளே போன நீலம் வெளியே வர மணிக்கணக்காகும்.
2. ஓடி முடித்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரில் 5 நிமிடம் கழுவுங்கள். பஃபரின் உப்பு ஒட்டியிருந்தால் சாயம் டி.என்.ஏ.வைச் சரியாகப் பிடிக்காது.
3. 0.025% கரைசலில் 20–30 நிமிடம், மெதுவாக ஆட்டியபடி.
4. தண்ணீரில் போட்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்த குளிர்ந்த தண்ணீராக இருக்கட்டும். நாலைந்து மாற்றத்தில் பட்டைகள் மேலே எழும்.

நிதான வழி இதைவிட நல்லது. 1% கரைசல் 2 மில்லிலிட்டரை, பத்தில் ஒரு பங்காக நீர்த்த டி.ஏ.இ. பஃபரில் ஒரு லிட்டராக்கினால் 0.002%. அதில் ஜெல்லைப் போட்டு மூடி, குளிர்பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் நிறம் நீக்கும் வேலை ஏறக்குறைய இருக்காது. பின்புலம் வெளிறியிருக்கும், பட்டை கருநீலமாக நிற்கும். சாப்பாடு வைக்கும் குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

குளிர் ஏன் முக்கியம் என்றால், டி.என்.ஏ. ஜெல்லுக்குள் சும்மா இருக்காது, ஊர்ந்து பரவும். சின்னத் துண்டு வேகமாகப் பரவும். 33 பாகை அறையில் இரவு முழுக்க விட்டால் 200 பேஸ் இணைக்குக் கீழே உள்ள பட்டைகள் புகை மாதிரி ஆகிவிடும்.

ஜெல் முழுக்க நீலமாகவே நின்றால், முதலில் அது அகரோஸ்தானா என்று பாருங்கள். மளிகைக் கடைக் கடல்பாசியை வைத்து மலிவாக ஜெல் போடும் யோசனை பலருக்கு வருகிறது. உணவுக் கடல்பாசியில் சல்ஃபேட் ஏறிய அகரோபெக்டின் கலந்திருக்கும். மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் உள்ள சாயம். டி.என்.ஏ.வைப் பிடிப்பது போலவே அந்தச் சல்ஃபேட்டையும் பிடித்துக்கொள்ளும், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் விடாது. கடல்பாசி ஜெல்லில் உணவு வண்ணங்களைப் பிரித்துக் காட்டலாம், டி.என்.ஏ. காட்ட முடியாது. பட்டை தெரிந்து பிறகு மறைந்துவிட்டால், அதிக நேரம் கழுவியிருக்கிறீர்கள். மறுபடி சாயத்தில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள்.

படம் எடுப்பதில் ஒரு வழி இருக்கிறது. மெத்திலீன் நீலம் விழுங்குவது சிவப்பு ஒளியை, 665 நானோமீட்டர் சுற்றுவட்டத்தில். ஆகவே ஜெல்லுக்குக் கீழே வெள்ளை விளக்குக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. வைத்தால் பட்டை கறுப்பாக விழும். அது இல்லையென்றால் கைப்பேசிப் படத்தைத் திருத்தும் செயலியில் சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்த பட்டை அதில் உறுதியாகத் தெரியும். சில நாளில் நீலம் வெளிறிவிடும் என்பதால் படத்தை அன்றே எடுத்துவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நொதியில் இருக்கிறது. மங்கலான சாயத்துக்கு அதிக டி.என்.ஏ. வேண்டும், அதற்கு அதிக பி.சி.ஆர். வேண்டும். 5 மைக்ரோலிட்டர் ஏற்றிப் பார்க்கும் இடத்தில் 20 ஏற்ற வேண்டிவரும். அளவு லேடரும் (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) ஒரு தடத்துக்கு இருமடங்கு, மும்மடங்கு போகும். பி.சி.ஆருக்குத் தேவையான டாக் நொதியின் விலையோடு வைத்துப் பார்த்தால், சாயத்தில் மிச்சம் பிடித்தது கையைவிட்டுப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் இது பிரச்சினை இல்லை. லாம்டா வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டி ஓட்டும் பாடத்தில் தடத்துக்கு அரை மைக்ரோகிராம் ஏற்றினால் பெரிய துண்டுகள் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. ஜி-6-பி-டி (இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு மெத்திலீன் நீலத்தை உடலுக்குள் செலுத்துவது ஆபத்து. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தச் சோதனை செய்வதால், பல மாணவர்களுக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்கும். தோலில் ஒரு துளி படுவதும் உடலுக்குள் போவதும் ஒன்றல்ல. ஆனாலும் கையுறையை எல்லோரும் போடட்டும், வாயால் உறிஞ்சும் பிப்பெட்டை யாரும் தொட வேண்டாம்.

மீன் மருந்துதானே என்று கழிவை அப்படியே ஊற்றாதீர்கள். மீன்தொட்டியில்கூட இது வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். லிட்டருக்கு 5 கிராம் செயலூட்டிய கரித்தூள் போட்டு இரவு முழுக்க வைத்தால் தண்ணீர் தெளிந்துவிடும். நீலம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் கரி. செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்தும் தேங்காய் ஓட்டிலிருந்தும் செய்யும் கரியே இதற்கு நன்றாக உழைக்கும். மீன் கடையில் குருணையாக விற்பதை இடித்துத் தூளாக்கிக்கொள்ளலாம். தண்ணீர் தெளிந்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிட முடிவது இந்தச் சாயத்தின் தனி நன்மை.

## கிரிஸ்டல் வயலெட்: ஓடும்போதே பார்க்க

மருந்துக் கடையில் ஜென்ஷியன் வயலெட் என்ற பெயரில் இருந்த ஊதா மருந்து. 1% கரைசலாக இருந்தால் 50 மில்லிலிட்டர் ஜெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர் போட்டால், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆகும். பஃபரிலும் அதே அளவு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. டி.என்.ஏ. நேர்முனையை நோக்கி ஓடும், சாயம் எதிர்முனையை நோக்கி ஓடும். அரை மணியில் ஜெல்லின் கீழ்ப்பகுதி சாயம் வற்றி வெளிறிவிடும். தூரம் ஓடிய சின்னத் துண்டுகள் அந்த வெளிறிய இடத்தில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இதைத் தேர்ந்தெடுக்கச் சரியான சூழல் ஒன்றுதான்: பட்டையை வெட்டி எடுத்து குளோனிங் செய்வது. விளக்குப் பெட்டியே இல்லாமல், பட்டை பிரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்ற இடத்தில் மின்சாரத்தை நிறுத்தி வெட்டலாம். புற ஊதா படாததால் டி.என்.ஏ. முழுசாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை இந்த மருந்துக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. நீர்வாழ் உயிர்களுக்கும் கெடுதி. எத்திடியம் புரோமைடை விட்டுவிட்டு இன்னொரு சந்தேகச் சாயத்தை, அதுவும் பஃபர் தொட்டி நிறைய, மாணவர்கள் முன்னால் வைப்பதில் பொருள் இல்லை.

## சைபர் சேஃப், ஜெல்கிரீன்: நாற்றுப் பண்ணைக்கு இதுதான்

இரண்டும் 500 நானோமீட்டர் அருகில் ஒளியை வாங்கிப் பச்சையாக ஒளிர்பவை. 470 நானோமீட்டர் நீல எல்.இ.டி. போதும், புற ஊதா வேண்டாம். சில நானோகிராம் பட்டையும் தெரியும். மேலே சொன்ன கணக்கில் 10 நானோகிராமாகச் சுருங்கிய அந்தச் சின்னத் துண்டு, இந்தச் சாயத்தில் தப்பாது.

இரண்டும் பத்தாயிரம் மடங்கு அடர்த்தியில் வரும். 50 மில்லிலிட்டர் ஜெல்லுக்கு 5 மைக்ரோலிட்டர். ஆக 400 மைக்ரோலிட்டர் குப்பியில் 80 ஜெல், 500 மைக்ரோலிட்டரில் 100 ஜெல். கடைக்காரர் சொல்லும் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஜெல்லுக்கு எத்தனை வெள்ளி என்று தெரியும். சின்னத் தட்டில் 25 மில்லிலிட்டர் ஜெல் ஊற்றினால் அதுவும் பாதியாகும். ஜெல்லில் குழி உண்டாக்கும் சீப்பு குறுகிய பல் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது, அதே டி.என்.ஏ. ஒடுங்கிய பட்டையில் அடர்த்தியாக நிற்கும்.

சைபர் சேஃப் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் வருகிறது. அது 18 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே உறைந்துவிடும். குப்பியை 2 முதல் 25 பாகைக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் மதிய அறை அதைத் தாண்டிவிடுவதால் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும், அங்கே கட்டியாகிவிடும். அவசரத்தில் பாதி உருகிய குப்பியிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் இன்று மங்கல், நாளை பளீர் என்று முன்னுக்குப்பின் முரணாக வரும். சாயம் மோசம் என்று குறை சொல்பவர்களில் பலர் செய்வது இதுதான். முழுக்க உருகி, தலைகீழாக நாலு முறை கவிழ்த்த பிறகு எடுங்கள். 50 மைக்ரோலிட்டர் வீதம் கறுப்புக் குப்பிகளில் பிரித்து வைத்தால் முழுப் பாட்டிலையும் அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியதில்லை. டி.எம்.எஸ்.ஓ. மற்றப் பொருள்களைத் தோலுக்குள் இழுத்துப்போகும் என்பதால் அடர்த்தியான குப்பியைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

ஜெல்கிரீன் தண்ணீரில் கரைந்தே கிடைக்கும். மூலக்கூறு பெரியது, செல் சவ்வைக் கடக்காதபடி வடிவமைத்தது, அறைச் சூட்டையும் தாங்கும். வெளிச்சம்தான் ஆகாது. அடியில் படிந்திருந்தால் 45–50 பாகை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்து நன்றாகக் குலுக்குங்கள். இதன் குறை, ஜெல்லில் கலந்து ஓட்டும்போது டி.என்.ஏ. கொஞ்சம் அதிகமானாலும் பட்டை இழுபட்டுக் கோடாகிவிடும். அப்போது ஏற்றும் அளவைப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் சாயமில்லாமல் ஓட்டிவிட்டு, 50 மில்லிலிட்டர் தண்ணீரில் 15 மைக்ரோலிட்டர் கலந்து 30 நிமிடம் ஊறவிடுங்கள். பட்டைகள் சரியான இடத்தில், கூர்மையாக வரும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மாதிரியோடு கலந்து ஏற்றும் பஃபரில் உள்ள புரோமோஃபீனால் நீலம் 1% ஜெல்லில் 300 பேஸ் இணை அருகில் ஓடி, அங்குள்ள மங்கலான பட்டையின் மேல் நிழலாக விழும். சின்னத் துண்டைத் தேடுபவர்கள் ஆரஞ்சு ஜி என்ற சாயம் போட்ட பஃபரைப் பயன்படுத்துங்கள். அது ஆகச் சின்னத் துண்டுகளுக்கும் முன்னால் ஓடிவிடும்.

பெயரில் 'பாதுகாப்பு' என்று இருப்பதால் குடிதண்ணீர் மாதிரி நடத்தக் கூடாது. எத்திடியம் புரோமைடைவிட மிகவும் பாதுகாப்பானது என்பதுதான் பொருள். பயன்படுத்திய ஜெல்லைப் பையில் கட்டிப் போடுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கரியில் வடித்துவிடுங்கள். இணையக் கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத 'பாதுகாப்புச் சாய'ங்களுக்கு, பாதுகாப்புத் தரவுத் தாளும் ஒளி அலைநீளமும் கேளுங்கள். இரண்டும் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

### நீல விளக்குப் பெட்டி

விலையுள்ள கருவியாக வாங்க வேண்டியதில்லை, ஒரு சனிக்கிழமையில் செய்துவிடலாம்.

- 12 வோல்ட் நீல எல்.இ.டி. பட்டை, மீட்டருக்கு 60 விளக்கு, 2 மீட்டர். விவரக் குறிப்பில் 465–475 நானோமீட்டர் என்று இருக்க வேண்டும்.
- 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்.
- 20க்கு 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியது.
- பால் வெள்ளை அக்ரிலிக் தகடு 3 மில்லிமீட்டர், மேலே ஜெல் வைக்க.
- ஆரஞ்சு நிற ஒளிபுகும் அக்ரிலிக் தகடு 3 மில்லிமீட்டர், மூடியாக. சைன்போர்டு கடையில் வெட்டி மிஞ்சிய துண்டாகவே கிடைக்கும்.

எல்.இ.டி. பட்டையை 20 சென்டிமீட்டர் வீதம் பத்தாக வெட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஒட்டிச் சால்டர் வையுங்கள். வெட்டும் குறி மூன்று விளக்குக்கு ஒருமுறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இருக்கும். ஈர ஜெல் மேலே உட்காரப் போவதால் மேல்தகட்டின் விளிம்பைச் சிலிக்கோனால் அடைத்துவிடுங்கள். அடாப்டர் தண்ணீர் படாத தூரத்தில் இருக்கட்டும்.

ஆரஞ்சுத் தகடு சரியானதா என்று கடையிலேயே சோதிக்கலாம். நீல விளக்கை அதன் வழியாகப் பாருங்கள். நீலம் அடியோடு மறைய வேண்டும். கொஞ்சம் கசிந்தால் இரண்டு தகடு சேர்த்துப் பாருங்கள். தகடு சரியில்லாவிட்டால் ஜெல் முழுக்க மினுமினுக்கும், பட்டை அதில் முங்கிவிடும். தகடில்லாமல் விளக்கை உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு நல்லதல்ல.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நோட்டுச் சரிபார்க்க விற்கும் ஊதா டார்ச்சை வைத்து இந்த வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது 395 அல்லது 365 நானோமீட்டர். அந்த இடத்தில் இந்தப் பச்சைச் சாயங்கள் ஒளியைச் சரியாக வாங்குவதில்லை, எத்திடியம் புரோமைடும் அப்படித்தான். பட்டை தெரியவில்லை என்று பி.சி.ஆரை மூன்று முறை திரும்பச் செய்து, நொதியைத் தீர்ப்பதில்தான் அது முடியும்.

## ஜெல்ரெட்

ஏற்கெனவே 302 நானோமீட்டர் யு.வி. பெட்டி வைத்திருப்பவர் வேறு எதையும் மாற்றாமல் எத்திடியம் புரோமைடுக்குப் பதில் போட்டுக்கொள்ளலாம். அளவும், இழுபடும் சிக்கலும், ஊறவைக்கும் முறையும் ஜெல்கிரீன் மாதிரியேதான். நீல விளக்கில் சரியாகத் தெரியாது. பெட்டி இல்லாதவர் இதற்காக யு.வி. பெட்டி வாங்குவது வீண். கண்ணையும் தோலையும் சுடும் ஒளியை, முகக் கவசத்தோடும் மாற்றுக் குழாய்களோடும் சேர்த்து விலை கொடுத்து வாங்குவதாகிவிடும்.

சில்வர் சாயத்தையும் சிலர் கேட்கிறார்கள். அது பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கு உரியது, அகரோஸுக்குப் பின்புலம் கறுத்துவிடும். ஃபார்மால்டிஹைடும் சில்வர் கழிவும் சேரும். இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

## ஆக, யாருக்கு எது

ஆண்டுக்கு நாலைந்து முறை மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியருக்கு மெத்திலீன் நீலம், நிதான வழியில். வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டினால், குளிர்பெட்டியில் வைத்துத் திங்கள் காலை பார்க்கலாம் என்று தோன்றும். அப்படி வேண்டாம், மூன்று இரவில் சின்னப் பட்டைகள் கரைந்துவிடும். திங்கள் ஓட்டிச் செவ்வாய் பாருங்கள்.

கன்றுகளை ஏற்கவோ கழிக்கவோ ஜெல்லை நம்பும் பண்ணைக்கு நீல விளக்கும் பச்சைச் சாயமும். குளிர்பெட்டியும் மின்சாரமும் நிச்சயமாக இருந்தால் இரண்டில் எதுவும் சரி. பொட்டலம் வெயிலில் நாள்கணக்கில் கிடக்கும் ஊர் என்றால் ஜெல்கிரீன். இரண்டுக்கும் நடுவில், வாரம் ஒரு பி.சி.ஆர். மட்டும் ஓடியதா என்று பார்ப்பவருக்கு, வெட்டு நொதியே இல்லாத வேலை என்றால் மெத்திலீன் நீலமும் போதும். ஒரே பட்டை, நூறு நானோகிராமுக்குமேல், ஆம் இல்லை என்ற விடை.

எதை எடுத்தாலும் முதல் ஜெல்லை மாதிரிகளுக்காகச் செலவிடாதீர்கள். அளவு தெரிந்த ஒரு டி.என்.ஏ.வை எடுத்து, 100, 50, 25, 12, 6, 3 நானோகிராம் என்று பாதி பாதியாக நீர்த்து ஆறு தடத்தில் ஓட்டுங்கள். உங்கள் தண்ணீர், உங்கள் விளக்கு, உங்கள் கைப்பேசி ஆகியவற்றில் எந்தத் தடம்வரை தெரிகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அந்தப் படத்தை அச்செடுத்து, தேதி போட்டு, விளக்குப் பெட்டிக்குமேல் சுவரில் ஒட்டுங்கள். புதுக் குப்பி திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே ஆறு தடத்தை ஓட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினசரி ஜெல்லிலும் கடைசித் தடத்தை, இரண்டு வகை மரபணுவும் உண்டு என்று முன்பே உறுதியான ஒரு கன்றின் மாதிரிக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தத் தடத்தில் எல்லாப் பட்டையும் தெரியாத நாளில், மற்றத் தடங்களைப் படிக்காமல் ஜெல்லைத் திரும்ப ஓட்டுங்கள்.